தடைக்குப் பின் டெலிகிராம் ‘லீக்’

ஆசிரியர் அவர்களுக்கு,

நிஜ ஆட்டத்தின் வீரர்களை வைத்து ஓர் அணியை எழுதி, அவர்கள் ஆடுவதற்கேற்பப் பாயிண்ட் சேர்ப்பது ஃபேன்டஸி கிரிக்கெட். அதைப் பணம் கட்டி ஆடுவதைச் செயலிகள் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டத்தோடு நிறுத்திவிட்டன. ஆட்டம் நிற்கவில்லை. ஐபிஎல் சமயத்திலும், வாழப்பாடி மைதானத்தில் டிஎன்பிஎல் நடக்கும்போதும் சேலத்து இளைஞர்களின் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ‘லீக்’ என்ற பெயரில் அதே பணப்போட்டி ஓடுகிறது.

ஆளுக்கு 200 ரூபாய் ஜிபேயில். 50 பேர் சேர்ந்தால் 10,000. அட்மின் தன் பங்கு போக மிச்சத்தைப் பரிசாகப் பிரிப்பார். செயலியில் என்றால் ஆட்டம் தொடங்கும்போதே அணிகள் பூட்டப்படும். அடுத்தவர் அணியை அதன்பின் எவரும் பார்க்கலாம். குழுவிலோ பட்டியல் அட்மினுக்கு மட்டும் தனியாகப் போகிறது. கேப்டனுக்கு இரண்டு மடங்கு பாயிண்ட், துணை கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. 80 பாயிண்ட் எடுத்தவரைப் பாதி ஆட்டத்தில் கேப்டனாக மாற்றி எழுதினால் போதும், இன்னொரு 80 ஏறிவிடும். முதல் பரிசு அட்மினின் மச்சானுக்கு! பணம் வாங்குபவரே பாயிண்டும் போட்டால் வேறென்ன நடக்கும்?

ஏமாந்தவர் புகார் கொடுக்கத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. மத்தியச் சட்டப்படி நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமோ இணையச் சூதாட்டம் ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடத் தடை, ஆதார் சரிபார்ப்பு என்று மாநில இணைய விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் போட்ட விதிகளும் இந்தக் குழுக்களை எட்டப்போவதில்லை. புகார் தருபவர் மீது வழக்கு வராது என்று மாநில அரசு சட்டத்திலேயே திருத்தம் செய்து, தமிழில் விளம்பரமும் கொடுக்க வேண்டும்.

பறிகொடுத்தவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதித்தால் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும். மீதி இருந்தால்தான் வங்கி நிறுத்திவைக்க முடியும். பணம் அனுப்பிய பரிவர்த்தனைக்கான 12 இலக்க யுடிஆர் எண், பெற்றவரின் யுபிஐ ஐடி, தேதி, நேரம் கையில் இருக்கட்டும். கோபத்தில் குழுவை விட்டு வெளியேறும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக ஆடித் தோற்ற பணத்துக்கு இது வழியல்ல.

ஜெயித்தவர்களும் கவனிக்க: அட்மின் கணக்கின் மீது புகார் விழுந்தால், அதிலிருந்து பரிசு வந்த உங்கள் கணக்கும் முடக்கப்படலாம்.

– வாசகர், அம்மாபேட்டை, சேலம்