மின்கடத்தும் நூலுக்குப் பதில் ஜரிகை நூல்: புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: துணியில் மின்சுற்று தைக்கும் பயிற்சிப் பெட்டியில் தவறான நூல்

ஐயா/அம்மா,

நான் தையல் வகுப்பு நடத்துகிறேன். துணிப்பையில் ஒளிரும் பூ தைக்கப் பிள்ளைகள் ஆசைப்பட்டதால் உங்கள் பயிற்சிப் பெட்டியை வாங்கினேன். ஓட்டுத்தையல் போட்டு முடித்தும் ஒரு எல்இடிகூட எரியவில்லை.

உங்கள் சேவை எண்ணில் பேசியவர், பேட்டரியைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள் என்றார். அதே எல்இடியின் இரண்டு கால்களையும் பேட்டரியின் இரு பக்கமும் நேராக வைத்தால் பளிச்சென்று எரிகிறது. கோளாறு நூலில்தான். கரன்ட் பாய்ந்தால் பீப் அடிக்கும் நிலையில் மல்டிமீட்டரை (மின் அளவுக் கருவி) வைத்து ஒரு சாண் நூலின் இரு முனைகளையும் தொட்டேன், சத்தமே இல்லை. முனையைச் சுரண்டிப் பார்த்தும் அதே கதைதான். தீக்குச்சியைக் காட்டினேன், சுருண்டு உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நூல் இப்படி உருகாது. நீங்கள் 'மின்கடத்தும் நூல்' என்று லேபிள் ஒட்டி அனுப்பியது, ஆரி வேலைக்கு வாங்கும் பாலியெஸ்டர் ஜரிகை நூல். அசல் வெள்ளி ஜரிகையாக இருந்தாலாவது கரன்ட் பாய்ந்திருக்கும்!

கையேட்டிலும் ஒரு தவறு. சிவப்பு, நீல எல்இடிகளை ஒரே 3 வோல்ட் பட்டன் பேட்டரியில் பக்க இணைப்பாக (ஒவ்வொரு எல்இடியும் பேட்டரியின் இரு முனைகளோடும் தனித்தனியாகச் சேரும்படி) தைக்கச் சொல்கிறது. சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும், நீலத்துக்குக் கிட்டத்தட்ட 3 வேண்டும். கிளிப் வயரில் இணைத்துப் பார்த்தேன்: சிவப்பு கரன்டை இழுத்துக்கொள்ள, நீலம் கண் திறக்கவே இல்லை. ஒரே நிறமாகத் தைக்கச் சொல்லியிருந்தால் இந்தச் சிக்கலே வராது.

அப்புறம், 8 வயதுப் பிள்ளைகளுக்கு என்று அச்சிட்ட பெட்டியில் பட்டன் பேட்டரிகள் வெறும் பாலிதீன் கவரில் கிடக்கின்றன. வீட்டில் இருக்கும் சின்னக் குழந்தை ஒன்றை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம். எச்சரிக்கையாக ஒரு வரிகூட இல்லை.

சரியான ஸ்டீல் நூலையும் திருத்திய கையேட்டையும் 15 நாட்களுக்குள் அனுப்புங்கள். முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். பேட்டரிகளை இனிமேல் எளிதில் பிரிக்க முடியாத உறையில் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வேன்.

பில் நகல், மீட்டர் படம், நூல் துண்டு இணைத்துள்ளேன். நூலை நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தையல் ஆசிரியை