2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: தண்ணீர்ச் சட்டி, உயிர்வேலி, குருவி முட்டி

தலைவர் அவர்களுக்கும் நிருவாக சபையினருக்கும், ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, நெடுங்கேணி, மாங்குளம் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நிருவாக சபை ஒழுங்காகக் கூடியது. கூட்டக் குறிப்புகள் மேசையில் இருக்கின்றன, விரும்பியவர்கள் பார்க்கலாம். நான் நேரே எங்கள் பறவை நேசர் சங்கத்தின் வேலைக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு எடுத்த முக்கியமான முடிவு, தீனியை விடத் தண்ணீருக்கு முதலிடம் கொடுப்பது. பறவைக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நினைப்பவர் முதலில் அரிசியைத்தான் அள்ளுவார். ஆனால் எங்கள் வன்னி மண்ணில் சோளகக் காற்று அடிக்கும் ஆடி, ஆவணி மாதங்களில் பூச்சி புழுவும் காட்டுப் பழமும் எப்படியோ கிடைத்துவிடும். சின்னக் குளங்கள் வற்றி, கிணற்று நீரும் கீழே போனபிறகு ஒரு குருவிக்கு எட்டுகிற தண்ணீர்தான் கிடையாது. ஆகவே ஆனி மாதக் கடைசியிலேயே வீடு வீடாகச் சொல்லி, வளவுக்கு ஒரு சட்டி வைக்கச் செய்தோம்.

வாய் அகன்ற மண்சட்டிதான் நல்லது. பிளாஸ்டிக் தட்டில் கால் வழுக்கும். தண்ணீர் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு கல் போட்டால் சின்னக் குருவியும் நின்று குடிக்கும். பூனை பதுங்குகிற செடிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது, அதற்காக வெட்டவெளியிலும் வைக்கக்கூடாது. பறந்து ஏற ஒரு மரம் இரண்டு மூன்று மீற்றருக்குள் இருக்கவேண்டும். இப்படி வைத்த வீடுகளில் முதலில் வந்தவை புலுனிகள், கூட்டமாகவும் சத்தமாகவும். பிறகு கொண்டைக்குருவி, மைனா, மணிப்புறா. மற்றப் பறவைகள் ஒரு வாய் எடுத்துத் தலையைத் தூக்கி விழுங்கும். புறா மட்டும் சொண்டை உள்ளே விட்டுத் தலை தூக்காமலே உறிஞ்சிக் குடிக்கும். புத்தகத்தில் படித்திருந்த பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்ன நாளில், வருடம் முழுவதும் பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்தது என்றே நினைத்தேன். தேன்சிட்டு சட்டிக்கு வரவில்லையே என்று சிலர் கேட்டீர்கள். அது ஈர இலைகளில் புரண்டு குளிக்கிற பறவை. பூச்செடிக்குத் தண்ணீர் விடும்போது இலையையும் நனைத்து விடுங்கள்.

டெங்கு விஷயமும் வந்தது. சுற்றிப் பார்க்க வந்த பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா ஒரு வீட்டில் சட்டியைக் கண்டு ஆட்சேபித்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. டெங்கு நுளம்பு பாத்திரத்தின் உள்விளிம்பில் முட்டை இடும். முட்டை காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை நுளம்பாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே தண்ணீரை மாற்றினால் மட்டும் காணாது, உள்பக்கத்தைத் தும்பால் உரஞ்சிக் கழுவவேண்டும். தினமும் காலையில் உரஞ்சிக் கழுவ முடியாதவர் சட்டி வைக்கவேண்டாம் என்று அன்றே முடிவெடுத்து அவரிடமும் சொன்னோம். அவர் ஒப்புக்கொண்டார். ஊருக்குப் போவதென்றால் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். இந்த விதியில் சங்கம் யாருக்கும் தளர்வு காட்டாது.

தீனியைப் பற்றியும் சொல்லவேண்டும். காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுகிற வழக்கம் எங்கள் வீடுகளில் இன்றும் இருக்கிறது. புரட்டாதிச் சனியென்றால் கேட்கவே வேண்டாம். அதைத் தொடருங்கள். மற்றப் பறவைகளுக்குக் குறுணல், உப்புப் போடாத சோறு, கனிந்த பப்பாசி, வாழைப்பழம் போதும். பாண், மிக்சர், உப்பும் எண்ணெயும் சேர்ந்த எதுவும் வேண்டாம். குஞ்சு வளர்க்கும் காலத்தில் பெரும்பாலான பறவைகள் குஞ்சுக்குப் பூச்சியையும் மயிர்க்கொட்டியையும்தான் ஊட்டும். அப்போது வளவில் பூச்சிமருந்து அடிக்காமல் இருப்பதுதான் பெரிய தீனி. பொழுதுபடமுன் மிச்சத்தைக் கூட்டி அள்ளிவிடுங்கள். இரவில் கிடந்தால் எலி வரும், எலியைத் தேடிப் புடையன் வரும். குரங்கு பழகிவிட்டால் சில நாட்களுக்கு ஒன்றும் வைக்காதீர்கள்.

மயிலுக்கு மட்டும் எவரும் தீனி போடவேண்டாம். தோட்டத்தில் கச்சானும் பயறும் பயிரிட்ட அங்கத்தவர்கள் மயிலால் படுகிற பாட்டைப் பொதுக்கூட்டத்திலேயே வந்து சொன்னார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் அரிசி கொத்திப் பழகிய மயில் பக்கத்துத் தோட்டத்தை விடுமா? பறவையை நேசிக்கிற சங்கம் கமக்காரருக்கு எதிரி என்ற பேச்சு ஒருபோதும் வரக்கூடாது. வயலில் பறவை செய்கிற வேலையையும் அவர்களே எடுத்துச் சொன்னார்கள். உழவு மெசினுக்குப் பின்னால் கொக்கு வருவதை எல்லோரும் பார்க்கிறோம். வயலுக்குள் நட்ட தடிகளில் பகலில் இரட்டைவால் குருவி இருந்து பூச்சி பிடிக்கும், இரவில் ஆந்தை வந்திருந்து எலி பிடிக்கும். செலவில்லாத வேலை. காலபோகத்துக்கு (மாரி நெற்செய்கைக்கு) எல்லோரும் நட்டுப் பாருங்கள்.

சிறுபோக உழவின்போது நடந்த ஒன்று இந்த அறிக்கையில் பதியப்படவேண்டும். முத்தையன்கட்டுப் பக்கம் உழுதுகொண்டிருந்த தம்பி ஒருவர், ஆட்காட்டி தலைக்கு மேலே கத்திக் கத்திச் சுற்றுவதைக் கண்டு மெசினை நிற்பாட்டி இறங்கித் தேடியிருக்கிறார். ஆட்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் சின்னக் கற்களைச் சேர்த்து அதற்குள் முட்டை இடும். புள்ளி விழுந்த நான்கு முட்டைகள், மண்கட்டியின் அதே நிறம். அவர் நான்கு பக்கமும் தடி ஊன்றிச் சிவப்புத் துணி கட்டிவிட்டு, அந்தத் துண்டை மட்டும் விட்டுச் சுற்றி உழுதார். ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும் பறவை அது. குஞ்சுகள் பொரித்த கையோடு எழுந்து நடந்து போய்விட்டன. அவர் எங்கள் அங்கத்தவர் அல்ல. சபை சார்பில் அவருக்கு நன்றி.

வேலிக்கு வருவோம். மீளக் குடியேறி வந்தபோது அவசரத்துக்கு முட்கம்பியும் கொங்கிரீற்றுத் தூணும் போட்டோம், வேறு வழி இருக்கவில்லை. இனி அந்தக் கம்பியோரமே கிளுவை, பூவரசு நடலாம். மூலையில் ஒரு நாவல், இடம் இருந்தால் பாலை. விரைவாகக் காய்க்கவேண்டும் என்றால் ஜாம் பழ மரம். குக்குறுவானும் கொண்டைக்குருவியும் அதை விட்டுப் போகாது. கார்த்திகை மழைக்கு நடுவதாகத்தான் திட்டம் போட்டிருந்தோம். நவம்பர் கடைசியில் வந்த பெருமழையும் வெள்ளமும் உயர்தரப் பரீட்சையையே தள்ளிப்போட வைத்ததல்லவா, எங்கள் நடுகையும் அதோடு நின்றது. கன்றுகள் பத்திரமாக இருக்கின்றன.

ஐப்பசியில் ஓர் அங்கத்தவர் வீட்டு யன்னல் கண்ணாடியில் ஆறுமணிக்குருவி ஒன்று அடிபட்டு விழுந்தது. பச்சை முதுகு, கண்ணை ஒட்டிய கறுப்புப் பட்டை, இறகில் நீலத் துண்டு, வாலடியில் நல்ல சிவப்பு. ஏதோ வளர்ப்புப் பறவை தப்பி வந்திருக்கிறது என்றே வீட்டார் நினைத்தார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குக் கடல் தாண்டி எங்களிடம் வருகிற பறவை அது. வந்து சேரும் நேரத்தில் களைத்திருக்கும். அப்படி ஒன்று அகப்பட்டால் துளையிட்ட காட்போட் பெட்டிக்குள் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்றவேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். ஓரிரு மணித்தியாலத்தில் தெளிந்துவிட்டால் மரநிழலில் திறந்துவிடலாம். அந்தப் பறவை அப்படித்தான் பிழைத்தது.

பெப்ரவரி 16 முதல் 19 வரை உலகெங்கும் நடந்த வளவுப் பறவைக் கணக்கெடுப்பில் எங்கள் பிள்ளைகளும் கலந்துகொண்டார்கள். 1998இல் அமெரிக்காவில் தொடங்கியது அது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் இருந்து கண்டதை எழுதினால் சரி. வெளிப்பயணமாகக் கொக்கிளாய்க் களப்புக்கும், 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட மன்னார் வங்காலைக்கும் போனோம். பூநாரை பார்க்கும் ஆசையில் கிட்டப் போய் அவற்றை எழுப்பிவிடவேண்டாம் என்று அடுத்த முறை வருபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கெட்டப்போலால் (உண்டிவில்லால்) குருவி அடிக்கிற பையன்களைப் பற்றி இரண்டு வீடுகளில் பேசவேண்டி வந்தது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டம் இருக்கிறது, ஆனால் அதைக் காட்டிப் பயமுறுத்தவில்லை. அந்தப் பையன்களிடம் தொலைநோக்கியைக் கொடுத்துக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போனோம். ஒருவர் இப்போது ஒழுங்காக வருகிறார்.

வரும் ஆண்டில் முதல் வேலை அடைக்கலக்குருவிக்கு முட்டி கட்டுவது. ஓலையும் ஓடும் போய்த் தகரமும் சீற்றும் வந்தபிறகு, கூடு வைக்க அதற்குப் பொந்து கிடைப்பதில்லை. வாயை மூடி, பக்கத்தில் ஒன்றேகால் அங்குலத் துளை விட்ட மண்முட்டி போதும். துளை பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். மழைச் சாரல் படாமல், பூனைக்கு எட்டாமல் தாழ்வாரத்தில் தொங்கவிடவேண்டும். குயவரிடம் பேசியாயிற்று. முட்டியோ வேலிக் கன்றோ வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் பெயரைப் பதிந்துவிட்டுப் போகவும்.

செயலாளர்