மயை

அன்புள்ள அம்மாடி,

நலமா? மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? ராத்திரி நேரத்தோடு தூங்கு. உனக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று அண்ணன் சொன்னான். நீ பேசி மூன்று வாரமாகிறது. சரி, அது கிடக்கட்டும். படித்த ஒன்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கன்னடத்தில் பாலை ஹாலு என்பார்கள். பத்து ஹத்து, புலி ஹுலி. பழைய கன்னடத்தில் இவையெல்லாம் பகரத்தில்தான் தொடங்கின. உதடுகள் சேர்வது தளர்ந்து தளர்ந்து கடைசியில் மூச்சு மட்டும் மிஞ்சியது. ஒரு சொல்லில் மட்டும் நடந்திருந்தால் யாருக்கோ நாக்குக் குழறியது எனலாம். இது வரிசையாக நடந்திருக்கிறது. ஐரோப்பாவிலும் இப்படித்தான்: லத்தீனில் பாத்தெர், பிஸ்கிஸ் என்று பகரம் நிற்கிற இடத்தில் ஆங்கிலத்தில் ஃபாதர், ஃபிஷ். இந்த ஒழுங்கை யாக்கோப் கிரிம் என்ற ஜெர்மன் மொழியறிஞர் 1822இல் விளக்கி எழுதினார்.

கன்னடத்துக்கும் ஒரு காலத்தில் ழகரம் இருந்தது, பிறகு போய்விட்டது. நாம் காப்பாற்றினோம் என்று நான் எத்தனை முறை மார்தட்டியிருக்கிறேன், உனக்குத் தெரியாததா? ஆனால் நம் செவி அவர்களுக்குக் கிவி. அதில் அவர்களுடைய ககரம்தான் பழையது. இகர எகரத்துக்கு முன் நின்ற ககரத்தைச் சகரமாக்கியது நாம். அவ்வளவு ஏன், ஒன்று என்று எழுதுகிற நான் ஒண்ணு என்றுதான் பேசுகிறேன். காற்று என் வாயில் காத்துதான். என்னை யாரும் நிற்கவைத்துத் திருத்தவில்லை.

அன்றைக்குக் குழந்தை போனில் மயை என்றான். மழை, மழை என்று ஐந்து தடவை சொல்லவைத்தேன். ஆறாவது தடவை சத்தமே வரவில்லை. நீ "அப்புறம் பேசறேன்பா" என்று வைத்துவிட்டாய்.

1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள்கூட ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்தியின் டகரத்தையும் தகரத்தையும் பிரித்துக் கேட்கின்றன. ஒரு வயதை எட்டுவதற்குள் அந்தக் காது பெரும்பாலும் மூடிவிடுகிறது. இதைப் படித்ததும் உன் மேல்தான் கோபம் வந்தது. கைக்குழந்தையாக இருந்தபோதே அவன் காதில் நம் பேச்சு இன்னும் விழுந்திருக்க வேண்டாமா? அப்புறம் நினைத்துப் பார்த்தேன், அந்த ஒரு வருஷத்தில் நானாக எத்தனை முறை போன் போட்டேன்? நீ போன இடத்து மொழியை ஒரே வருஷத்தில் பிடித்துக்கொண்டவள். அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், உன்னிடம் சொன்னதில்லை.

உனக்கு ஆறு வயது. வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் நிறுத்தி உன்னைக் கிழமை சொல்லச் சொன்னேன். நீ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாய். அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதன் பிறகு என்னிடம் பேசும்போது அந்த எழுத்து வருகிற சொல்லையே தவிர்த்தாய். கிழமைக்கு நாள் என்பாய், கீழேக்கு அடியில் என்பாய். அம்மா சொல்லித்தான் கவனித்தேன். கவனித்தும் உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கு எழுத்து வந்துவிட்டது, அதனால் நான் செய்தது சரி என்று இத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருந்தேன். சரியில்லை அம்மா.

நேரத்தோடு தூங்கு. ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடுகிறேன், போனை அவனிடம் கொடு. மயை பெய்யுதா தாத்தா என்று கேட்கட்டும். பெய்யுது கண்ணு என்று மட்டும் சொல்கிறேன்.

அப்பா