புயல் அறிவிப்பு எங்கள் ஊருக்குப் புரியும்படி வர வேண்டும்: நாகை ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் மற்றும் கடற்கரை ஊர் மக்கள்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகப்பட்டினம்.

பொருள்: புயல், கனமழை எச்சரிக்கைகளை ஊர்வாரியாக, நேரம் குறிப்பிட்டு, பேசும் தமிழில் அறிவிக்கவும், எச்சரிக்கை நீங்கியதையும் அதே வழியில் தெரிவிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். புயல் என்றால் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம்தான் முகாம். நான் தலைமையாசிரியராக இருந்த வருடங்களில் அதன் சாவி என் வீட்டு ஆணியில்தான் தொங்கும். யார் பாயும் தலையணையுமாக முதலில் வந்தார்கள், யார் கடைசிவரை வரவே இல்லை என்பதெல்லாம் எனக்கு வருகைப் பதிவேடு மாதிரி மனப்பாடம். வடகிழக்குப் பருவமழை தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை. அதற்குள் இந்த மனு தங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கே கொண்டுவந்திருக்கிறோம்.

2018 நவம்பர் 15 இரவு, கஜாவுக்கு, பள்ளியில் கால் நீட்ட இடமில்லை. அந்தப் புயல் முதலில் எங்களுக்கானது என்று யாரும் சொல்லவில்லை. கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கடக்கும் என்றார்கள். அப்புறம் கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று மாறி, கடைசியில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே வந்து நின்றது. கணிப்பு மாறியதை நாங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. கடலை நம்பிப் பிழைப்பவர்களுக்குக் காற்று திரும்பும் என்று தெரியாதா? அன்று மக்கள் வந்து சேர்ந்ததற்குத் தொலைக்காட்சியும் காரணமில்லை. ஊராட்சி ஆளும் நாலு பையன்களும் மதியத்திலிருந்து கதவு கதவாகத் தட்டி, "ராத்திரிக்கு ஓடு நிக்காது, கெளம்புங்க" என்று சொன்னார்கள். அதுதான் காரணம்.

ஆனால் யாரும் சொல்லாத ஒன்றும் உண்டு. நள்ளிரவுக்கு மேல் வாடைப் பக்கமிருந்து அடித்த காற்று சட்டென்று நின்றது. மழையும் விட்டது. முடிந்தது என்று நினைத்து ஒருவர் கதவைத் திறந்துகொண்டு ஆடு பார்க்கப் போய்விட்டார். நானும் தடுக்கவில்லை, எனக்கும் தெரியாது. புயலின் கண், அதாவது காற்றில்லாத அதன் நடுப்பகுதி, எங்கள் மேலே இருந்திருக்கிறது. அரை மணி கழித்துத் தெற்கிலிருந்து வந்த காற்று முன்னதைவிட மோசம். பறந்து வந்த தகரம் அவர் தோளைக் கிழித்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. "காற்று நின்றால் வெளியே வராதீர்கள், எதிர்ப்பக்கமிருந்து மறுபடி அடிக்கும்" என்ற ஒரே வரியை எச்சரிக்கையில் சேர்த்திருந்தால் அவர் உள்ளேயே இருந்திருப்பார். மூன்று நாள் புயலைப் பற்றியே பேசிய எந்தத் தொலைக்காட்சியிலும் நான் அந்த வரியைக் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து நிவர். 2020 நவம்பர் 24 மதியமே நாகை உட்பட ஏழு மாவட்டங்களில் பேருந்தை நிறுத்தினார்கள். கஜா பயம் இன்னும் உடம்பில் இருந்ததால் ஊரே கிளம்பிவிட்டது. தென்னை மட்டைகளை வெட்டினார்கள், படகுகளை மேட்டில் ஏற்றிக் கட்டினார்கள். நிவர் 25ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி மரக்காணம் பக்கம் கரையேறியது. எங்களுக்குக் காற்றும் மழையும் மட்டும். நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் "இங்கே வராது, வீட்டுக்குப் போகலாம்" என்று எங்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரி பக்கம் போனார்கள், அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

அடுத்த வாரமே புரெவி. டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு அருகே இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. இந்த முறை பள்ளிக்கு வந்தவர்கள் வயதானவர்களும் இரண்டு கர்ப்பிணிகளும்தான். "போன வாரமும் இப்படித்தான் சொன்னாங்க, சார்." அந்தப் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் "புரெவி வலுவிழந்தது" என்று எல்லாச் சேனலிலும் ஓடியதும் அவர்களும் பாயைச் சுருட்டிவிட்டார்கள். வலுவிழந்த அந்தப் புயல் ராமநாதபுரம் கடலோரத்தில் நகராமல் நின்றுகொண்டு, டெல்டா முழுக்க ஊற்றித் தீர்த்தது. கொள்ளிடம், சிதம்பரம் பக்கம் என்ன ஆனது என்று தங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் தாழ்வான இரண்டு தெருக்களில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பாயைச் சுருட்டிக்கொண்டு போனவர்களில் சிலரை இரவு பத்து மணிக்குக் கயிறு கட்டி அழைத்துவந்தோம்.

இந்த "வலுவிழந்தது" என்ற சொல்லைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் அது புயல். 61 என்றால் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். இந்தப் பெயரெல்லாம் காற்றை அளந்து வைத்தது, மழையை அளந்து அல்ல. வானிலை அறிந்தவர்களுக்கு இது பாலபாடம். ஆனால் எங்கள் ஊரில் வலுவிழந்தது என்றால் ஆள் படுத்துவிட்டான், இனி எழ மாட்டான் என்றுதான் அர்த்தம். தாழ்வு பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்ற மூன்றுக்கும் வித்தியாசம் கேட்டால், முப்பது வருடம் பாடம் நடத்திய நானே ஒரு நொடி யோசிப்பேன்.

2024இல் ஃபெஞ்சலுக்கும் இதே குழப்பம். புயலாகும் என்றார்கள். பிறகு தாழ்வு மண்டலமாகவே கடக்கும் என்றார்கள். நவம்பர் 29ஆம் தேதி புயலாகிவிட்டது என்றார்கள். 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. "கரையைக் கடந்தது" என்று செய்தி வந்து ஒரு நாளுக்கு மேல் கழிந்த பிறகுதான் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்து தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. கரையைக் கடந்தது என்பதும் எங்களைப் போன்றவர்கள் காதில் "முடிந்தது" என்றுதான் விழுகிறது.

சேனல்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். ஒரு வருடம் எங்கள் ஊர் மதகுக்குப் பக்கத்தில் தேங்கிய தண்ணீரில் மழைக்கோட்டுடன் ஒரு செய்தியாளர் இறங்கி நின்று, ஊரே மூழ்குகிறது என்று நேரலையில் சொன்னார். அந்தத் தண்ணீர் ஐப்பசியில் வந்தால் தை வரை அங்கேதான் இருக்கும், மதகு தூர்ந்துபோனதால். அன்று ராத்திரி சிங்கப்பூர், துபாய், சென்னை என்று எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகள் மாறி மாறி அழைத்து, ஊரில் இருந்த எல்லாக் கைபேசிகளுக்கும் சார்ஜ் தீர்ந்துபோனது. மின்சாரம் போனது அதற்கு அப்புறம். உண்மையிலேயே உதவிக்குக் கூப்பிட வேண்டியிருந்தால் கூப்பிட ஒரு போன் உயிரோடு இருந்திருக்காது.

"ரெட் அலர்ட்" என்பதும் அப்படித்தான். மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம், நிர்வாகம் உடனே நடவடிக்கையில் இறங்க வேண்டும் என்பது அதன் பொருள். சைரன் சத்தமும் சிவப்பு எழுத்துமாகத் திரையில் வரும்போது, 2004 சுனாமியைக் கண்ணால் பார்த்த பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். நாகை துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினாலும் அதே கதை. கூண்டு கப்பல்காரர்களுக்கான அடையாளம். 1 என்றால் தொலைவில் எங்கோ காற்று உருவாகியிருக்கிறது, 3 என்றால் துறைமுகத்தில் பலத்த காற்று அடிக்கலாம், 8 முதல் 10 வரை பெரிய ஆபத்து, 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது. 1977 புயலின்போது எனக்குப் பதினைந்து வயது. அப்போது எங்கள் அப்பா கூண்டு எண்ணைக் கேட்டே படகை ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். இப்போது எண் மட்டும் வருகிறது, விளக்கம் வருவதில்லை.

மக்கள் அலட்சியமாக இருக்கிறார்கள் என்று கூட்டங்களில் சில அதிகாரிகள் வருத்தப்படுவதுண்டு. அலட்சியம் என்று சொல்ல முடியாது, கணக்குப் பார்க்கிறார்கள். முகாமுக்கு வந்தால் ஆட்டை யார் பார்ப்பது, வலை என்ன ஆகும், உப்பளத்தில் குவித்த உப்பை மூடிய கீற்று பறந்தால் யார் போடுவது? கஜாவில் உப்பளங்களில் கடல் சேறு ஏறியதை எல்லோரும் பார்த்தார்கள். மீன்பிடிக்கப் போகாதே என்றால் போகாமல் இருக்கிறார்கள். வானம் வெளுத்து, கடல் அடங்கி இரண்டு நாள் ஆன பிறகும் தடை ஏன் நீளுகிறது, எப்போது நீங்கும் என்று தெரியாதபோதுதான் நாலு பேர் விடியலில் திருட்டுத்தனமாகப் படகைத் தள்ளுகிறார்கள். 2017 ஒக்கியில் ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்களுக்குச் சேதி போய்ச் சேராமல் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள்தான் இவர்களும். இங்கே சேதி போய்ச் சேருகிறது, ஆனால் அதை நம்பும்படி யாரும் சொல்வதில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். எச்சரிக்கைக் காலத்தில் தினமும் காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும், எங்கள் வட்டத்துக்கு மட்டுமான ஓர் அறிவிப்பு, கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துடன், ரேஷன் கடை, மீன் இறங்குதளம், பள்ளி ஆகிய மூன்று இடங்களில் கரும்பலகையில் எழுதப்பட வேண்டும். தண்டோராவை அரசு நிறுத்தியது சரியான முடிவு. இப்போது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வருகிறது. அது தார்ச்சாலையோடு திரும்பிவிடாமல் உள்தெருவுக்கும் வந்து அதே அறிவிப்பைச் சொல்ல வேண்டும். மாதிரிக்கு நாங்களே ஒன்று எழுதிப் பார்த்தோம்:

"இன்று மாலை 5 மணி நிலவரம். புயல் நமக்குக் கிழக்கே கடலில் இருக்கிறது. நாளை இரவு 10 மணிக்கு மேல் காற்று பலமாகும். ஓட்டு வீடு, கீற்று வீட்டில் இருப்பவர்கள் நாளை மாலை 4 மணிக்குள் பள்ளிக்கு வந்துவிடுங்கள். ஆடு மாடுகளைக் கட்டி வைக்காமல் மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். காற்று திடீரென்று நின்றால் வெளியே வராதீர்கள். காலையில் சொன்னதிலிருந்து மாறியது: புயல் மெதுவாக நகர்கிறது, அதனால் நேரம் தள்ளிப்போகிறது. அடுத்த தகவல் நாளை காலை 8 மணி."

இதில் "காலையில் சொன்னதிலிருந்து மாறியது" என்ற வரியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. மாறியதை நீங்களே சொன்னால் நம்புவோம். நாங்களாகக் கண்டுபிடித்தால் அடுத்த முறை நம்ப மாட்டோம். புயல் பெயர் மாறி வலுவிழந்தாலும், மழை குறையுமா கூடுமா என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எச்சரிக்கை நீங்கியதும், அதேபோல் கடலுக்குப் போகலாம் என்பதும், அதே பலகையில், அதே ஆட்டோவில் வர வேண்டும். இன்றைக்கு அந்த ஆட்டோ பயமுறுத்த மட்டும்தான் வருகிறது.

இந்த அறிவிப்பையே மாவட்ட செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் வழியாக உள்ளூர் கேபிள் சேனல்களுக்கும் செய்தியாளர்களுக்கும் நேரத்துடன் கொடுத்து, அப்படியே ஓடவிடச் சொல்லலாம். பழைய காட்சியைப் போட்டால் எந்த வருடத்தது என்று திரையில் எழுதச் சொல்லுங்கள். 2018இல் எடுத்த வீடியோவை 2020இல் "இப்போது வேதாரண்யம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள், நானே ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். மின்சாரம் போய் கைபேசிக் கோபுரங்களும் செத்த பிறகு வானொலி ஒன்றுதான் பேசும். காரைக்கால் வானொலியில் இந்த வட்ட அறிவிப்பு வாசிக்கப்பட்டால், ஒவ்வொரு முகாமுக்கும் பேட்டரி ரேடியோ ஒன்று போதும்.

மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077ஐ எல்லாப் பலகையிலும் எழுதுவதோடு, முகாம் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். நான் ஓய்வுபெற்ற பிறகு பள்ளிச் சாவி வெளியூரிலிருந்து வந்துபோகும் ஆசிரியரிடம் இருக்கிறது. அவர் மேல் தவறில்லை. பேருந்து நின்றால் அவரால் வர முடியாது. போன வருட மழைக்கு நாங்கள் பின்பக்கச் சன்னல் கம்பியை வளைத்துத்தான் உள்ளே போனோம், அந்தக் கம்பியை இன்னும் சரிசெய்யவில்லை. பருவமழைக்கு முன் ஒரு மாற்றுச் சாவியை ஊரில் வைத்துக்கொள்ள அனுமதி வழங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: நாகப்பட்டினம்
நாள்: 06.10.2025

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மற்றும் ஊர் மக்கள்

இணைப்பு: கையெழுத்துத் தாள்கள், மாதிரி அறிவிப்பு.