நடுராத்திரியில் உட்கார ஒரு நாற்காலி

தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளின் வார்டன்களுக்கும், அவர்களுக்கு மேலே இருக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம். நான் போன வருஷம் பொறியியல் முடித்து வெளியே வந்தவள். நான்கு வருஷமும் விடுதி வாசம்தான். எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. பெண்கள் விடுதிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் ஆண்டில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. இன்டர்னல் தேர்வுக்காக நாலைந்து ராத்திரி கண்விழித்தேன். தேர்வு முடிந்தது, தூக்கம் திரும்பி வரவில்லை. 10.30க்கு விளக்கை அணைப்பார்கள். கண் அயர 12.30 ஆகும். மூன்று மணிக்கு யாரோ தட்டி எழுப்பினமாதிரி விழிப்பு வரும். அரைமணி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஆறு மணிக்குப் பெல். பக்கத்துக் கட்டில்காரி தலை தலையணையில் படுவதற்குள் தூங்கிவிடுவாள். அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

யாரிடம் சொன்னாலும் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். அம்மா பாலில் கசகசா போட்டுக் குடிக்கச் சொன்னாள். ஒரு சீனியர் அக்கா பர்ஸிலிருந்து அரை மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். அல்ப்ரசோலம். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத எச்1 பட்டியல் மருந்து அது. எங்கள் மாடியில் சாக்லேட் மாதிரி கைமாறிக்கொண்டிருந்தது. நீங்கள் அறைச் சோதனைக்கு வரும்போது ஹீட்டரையும் அயர்ன் பாக்ஸையும்தானே தேடுகிறீர்கள்? கல்லூரியிலும் எங்களுக்காக ஒரு கருத்தரங்கு வைத்தார்கள், மறுக்கவில்லை. மாலையில் காபி வேண்டாம், படுக்கையில் போன் வேண்டாம், மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நாற்பது ஸ்லைடு. நல்ல புத்திதான். ஆனால் தூக்கமின்மை வேர்விட்ட ஒருவருக்கு இது சிகிச்சை ஆகாது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, தூக்க ஒழுங்கு அறிவுரையை மட்டும் தனி மருத்துவமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

என்னைக் காப்பாற்றியது பெரியம்மா மகள். அரசு மருத்துவமனையில் நர்ஸ். பன்னிரண்டு பக்க ஜெராக்ஸ் ஒன்றும், ஒரு நாற்பது பக்க நோட்டும் கொடுத்து, "இதை நீயே செய்யலாம், வாரம் ஒருநாள் எனக்கு போன் பண்ணு" என்றாள். அந்த ஜெராக்ஸில் இருந்ததுதான் தூக்கமின்மைக்கான அறிதிறன் நடத்தைச் சிகிச்சை (ஆங்கிலச் சுருக்கம் CBT-I). நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே முதலில் தர வேண்டியது இதுதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016இல் சொல்லிவிட்டது. வாரம் மூன்று ராத்திரிக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் பிடிக்காவிட்டால் அது நாள்பட்டது. நான் அப்போது ஐந்தாவது மாதத்தில் இருந்தேன்.

அதன் உயிர்நாடி இரண்டு விதிகள். ஒன்று, ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972இல் முன்வைத்தது. படுக்கை தூங்க மட்டும். தூக்கம் சொக்கும்போதுதான் படுக்க வேண்டும். சுமார் கால்மணி, இருபது நிமிஷம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் (மணியைப் பார்க்கக் கூடாது) எழுந்து வேறு அறைக்குப் போய் உட்கார வேண்டும். மறுபடி சொக்கினால் மட்டும் திரும்ப வேண்டும். ஒரே ராத்திரியில் பத்துத் தடவை ஆனாலும் சரி. படுக்கையில் விழித்துக் கிடந்து கிடந்து, படுக்கை என்றாலே முழிப்பு என்று உடம்பு படித்துவிட்ட பாடத்தை அழிக்கும் வழி அது.

இரண்டாவது, ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் எழுதியது. கேட்டால் கிறுக்குத்தனமாக இருக்கும்: தூக்கம் குறைவாக இருக்கிறவர் படுக்கையில் கிடக்கும் நேரத்தை இன்னும் குறைக்க வேண்டும். ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பார்த்தேன். படுக்கையில் ஏழரை மணி நேரம், தூங்கியது ஐந்து. நூற்றுக்கு 67. இது 85ஐத் தாண்ட வேண்டும். ஆகவே ஐந்தரை மணி நேரம் மட்டுமே கட்டிலுக்கு என்று நர்ஸ் அக்கா கணக்குப் போட்டாள். எழும் நேரம் ஆறு மணி, ஞாயிறு உட்பட மாறவே கூடாது. அப்படியானால் 12.30க்கு முன்னால் படுக்கக் கூடாது. அந்த வாரத் தூக்கம் திடமாகிவிட்டால் பதினைந்து நிமிஷம் முன்கூட்டிப் படுக்கலாம். அடுத்த வாரம் இன்னொரு பதினைந்து.

இங்கேதான் உங்களிடம் வருகிறேன்.

10.30க்கு விளக்கு அணைந்துவிடும். 12.30 வரை நான் எங்கே இருப்பது? நாலு கட்டில், நாலு அலமாரி, நடுவே ஓர் ஆள் நடக்கும் சந்து. எங்கள் அறையில் மேசை ஒன்றுதான், அதன்மேல் நாலு பேரின் வாளி, சோப்பு, ரெக்கார்டு நோட்டு. சாப்பிடுவது, படிப்பது, அழுவது, அம்மாவிடம் பேசுவது எல்லாமே கட்டில் மேல்தான். பூட்சின் சொன்ன "வேறு அறை" எங்களுக்கு ஏது? படிப்பு அறையை 10.30க்குப் பூட்டிவிடுவார்கள். கடைசியில் குளியலறைக்குப் போகும் நடையில், தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்தில், கைப்பிடி உடைந்த ஒரு பச்சை பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். அங்கே மட்டும்தான் ராத்திரி முழுக்க ஒரு பல்பு எரியும். கொசு காலைப் பிய்த்தது. பழைய வார இதழ் ஒன்றை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை.

நான்காவது ராத்திரி வார்டனின் டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. "யாருக்கு போன் பண்ணிட்டிருக்கே?" என்னிடம் போனே இல்லை, அறையில் சார்ஜில் இருந்தது. நோட்டைக் காட்டினேன். "படுத்த நேரம், எழுந்த நேரம்" என்று கட்டம் போட்டிருந்ததைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. மறுநாள் வீட்டுக்குப் போன் போயிற்று. அப்பா ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்கினார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்: "இனி இரவு 10.30க்கு மேல் அறையை விட்டு வெளியே வரமாட்டேன்." கூடவே இன்னொரு தாளில் அந்த அம்மா எழுதச் சொன்னது: "நேரத்துக்குத் தூங்குவேன்."

அந்த வார்டன் மேல் எனக்குக் குறையில்லை. முந்நூறு பெண்களுக்குப் பொறுப்பான ஒருவர் ராத்திரி நடையில் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பயப்படத்தான் செய்வார். எழுந்து உட்கார்வதும் வைத்தியம்தான் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அக்கா விடவில்லை. வார்டனிடம் அவளே பேசினாள். அப்புறம் பக்கெட்டுக்கு அனுமதி கிடைத்தது. எழுத்து மூலம், கையெழுத்தோடு! முதல் பத்து நாள் நரகம். நின்றால் தலை சுற்றும். வகுப்பில் பேனா பிடித்தபடியே தூங்கினேன்; கடைசி வரிசைக்கு வந்து டெஸ்டரால் தட்டி எழுப்பிய சாருக்கு இன்றுவரை காரணம் தெரியாது. இரண்டாவது வாரம் ஐந்தரையில் ஐந்து மணி நேரம் தூங்கினேன், நூற்றுக்கு 91. ஏழாவது வாரம் 11.15க்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்துகொண்டிருந்தேன். மூன்று மணி விழிப்பு எப்போது நின்றது என்று நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அவ்வளவு சத்தமில்லாமல் போயிற்று.

ஒருத்தி கதையை வைத்து விதியை மாற்றச் சொல்கிறாளே என்று நினைக்கலாம். பிரிட்டனில் 26 பல்கலைக்கழகங்களில் 3,755 மாணவர்களை வைத்து டேனியல் ஃப்ரீமன் குழு நடத்திய ஆய்வு 2017இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. ஒரு பாதிப் பேருக்கு இதே சிகிச்சையை ஆறு பாடங்களாக, இணையம் வழியே, எந்த மருத்துவரும் நேரில் இல்லாமல் கொடுத்தார்கள். தூக்கம் சீரானது மட்டுமில்லை; பிறர் மேல் வீண் சந்தேகம், மனச்சோர்வு, பதற்றம் எல்லாம் குறைந்தன. தூக்கமின்மை மனக்கோளாறின் வால் மட்டுமல்ல, சில நேரம் அதன் தலையே அதுதான் என்று அந்த ஆய்விலிருந்து நான் புரிந்துகொண்டேன். மறைக்காமல் சொல்ல வேண்டிய இன்னொன்றும் அதில் உண்டு: ஆறு பாடங்களையும் திறந்து பார்த்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. தானே செய்துகொள்ளும் எந்த வைத்தியத்துக்கும் இதுதான் நோய். அக்காவின் அந்த வாரப் போன் இல்லாவிட்டால் நானும் மூன்றாம் நாளே நோட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். பத்து நிமிஷம்கூடப் பேசமாட்டாள். "எத்தனை சதவீதம்?" என்பாள், "சரி, கால்மணி கூட்டிக்கோ" என்பாள், வைத்துவிடுவாள்.

ஆகவே நான் கேட்பது பெரிய செலவில்லை. ஒவ்வொரு மாடியிலும் மங்கலான ஒரு விளக்கு, அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கொசுவத்தி. அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் விசாரணை நடத்தக் கூடாது. பேச்சுத்துணை வேண்டுமா என்று கேட்கலாம். வாரம் ஒருமுறை "எத்தனை சதவீதம்?" என்று கேட்க ஓர் ஆள்: மூத்த மாணவியோ, கல்லூரி நர்ஸோ, விருப்பமுள்ள ஆசிரியையோ. நாற்பது ஸ்லைடுக்குப் பதிலாக, தூக்கக் குறிப்புக்கான கட்டம் போட்ட ஒரு தாள், தமிழில். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் காலைச் சாப்பாடு ஒன்பது மணிக்குத்தான் என்று வைக்காதீர்கள். ஆறு மணிக்கு எழுகிறவள் மூன்று மணி நேரம் பசியோடு என்ன செய்வாள், மறுபடி போய்ப் படுப்பாள், வாரமெல்லாம் கட்டியது அன்றைக்கே சரியும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் அந்தத் தாளிலேயே அச்சடியுங்கள். வலிப்பு உள்ளவர்கள், இருதுருவ மனநோய் உள்ளவர்கள், குறட்டையோடு மூச்சுத் திணறி விழிப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தூக்க நேரத்தைக் குறைக்கக் கூடாது. முதல் வாரங்களில் வண்டி ஓட்டவும் கூடாது. விடியவிடிய முழித்திருந்து பகல் பன்னிரண்டு மணி வரை நன்றாகத் தூங்குகிறவர்களுக்குப் பிரச்சினையே வேறு, அவர்கள் உடம்புக் கடிகாரம் தள்ளிப் போயிருக்கிறது. சாகலாம்போல் இருக்கிறது என்று ஒருத்தி சொன்னால் நோட்டும் வேண்டாம், கட்டமும் வேண்டாம். அவளைத் தனியே விடாமல், உடனே 14416க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, அழையுங்கள்.

விடுதி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. அக்காவின் ஜெராக்ஸை ஒட்டி நான் தமிழில் போட்ட கட்டத் தாள் ஒரு ஏ4 பக்கம்தான். கேட்கும் விடுதிக்கு அனுப்பிவைக்கிறேன். நாற்காலியை மட்டும் நீங்கள் போடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி, ஃபில்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்