குடும்ப வரலாற்று வட்டம்: செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். கணக்க பொருளாளர் தனியா வாசிப்பாங்க, சந்தா பாக்கி இருக்கறவங்க இன்னைக்கே குடுத்துட்டா உதவியா இருக்கும். நான் இந்த வருஷம் நாம எல்லாரும் சேந்து தோண்டின பாஸ்டன் குடும்பத்த பத்தி மட்டும் சொல்றேன். அமெரிக்கால இருக்கற பாஸ்டன் இல்ல, இங்கிலாந்துல நம்ம நார்ஃபோக் மாவட்டக் கடலோரத்துல இருக்கற சின்ன கிராமம், குடும்பப் பேரே அங்கேர்ந்து வந்ததுதான்.

நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக்கூடாதும்பாங்க, நாம பாத்துட்டோம். 1419ல இறந்த கிளெமென்ட் பாஸ்டன் தானே ஏர் ஓட்டின விவசாயி, மிஞ்சிப்போனா 120 ஏக்கர், ஒரு சின்ன தண்ணி மில்லு, சேணம் போடாத குதிரைல தானியத்த போட்டு அது மேலயே உக்காந்து மில்லுக்குப் போவாராம், மனைவி பியாட்ரிஸ் பண்ணைக்குக் கட்டுப்பட்ட வீட்டுப் பொண்ணாம். இத எழுதி வச்சது அந்த குடும்பத்துக்கு ஆகாதவங்க, அதனால ஒவ்வொரு வரியையும் யோசிச்சுத்தான் எடுத்துக்கணும். ஆனா மகன் வில்லியம் சட்டம் படிச்சு 1429ல ஜட்ஜ் ஆனது நிச்சயம். ஒரே தலைமுறைல அவ்ளோ உயரம் போனா ஊர் சும்மா இருக்குமா, இவங்க அடிமை வம்சம்னு எதிராளிங்க கிளப்பிவிட, குடும்பம் நார்மன் காலத்துலேர்ந்து (1066ல பிரான்ஸ்லேர்ந்து வந்து இங்கிலாந்த பிடிச்சவங்க) வர்ற மாதிரி ஒரு வம்சாவளி காட்டி, 1466ல நாலாம் எட்வர்ட் ராஜாவே இவங்க கனவான்கள்தான்னு ஒத்துக்கிட்டார். ராஜா முத்திரை இருந்தாலும் வம்சாவளிய அப்படியே காப்பி பண்ணாதீங்கன்னு நான் கெஞ்சறது இதனாலதான்.

எனக்கு மனசுல நின்னது மார்ஜரிதான். வில்லியமோட பேத்தி, வீட்டு காரியஸ்தர் ரிச்சர்ட் கால்ங்கறவர ரகசியமா கட்டிக்கிட்டா. அண்ணன், என் தங்கச்சி ஃப்ராம்லிங்கம் ஊர்ல கடைக்காரியா மெழுகுவர்த்தியும் கடுகும் விக்கறதுக்கு நான் சம்மதிக்கமாட்டேன்னு கடுதாசி எழுதறார், 1469ல பிஷப் விசாரிச்சு கல்யாணம் செல்லும்னு சொன்னப்புறமும் அம்மா மார்கரெட் வீட்டுக் கதவ சாத்திட்டாங்க. ஆனா அதே அம்மா தன் உயில்ல மார்ஜரியோட மூத்த பையன் ஜானுக்கு 20 பவுண்ட் எழுதி வச்சிருக்காங்க. அந்த ஒரு வரிய படிச்சப்போ எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, நமக்கு அது சொந்தத்துக்கு ஆதாரமும் கூட.

பாஸ்டன் குடும்பத்து ஆண் வாரிசு ரெண்டாவது யார்மவுத் எர்லோட (எர்ல்ங்கறது ஒரு பிரபு பட்டம்) 1732ல முடிஞ்சுபோச்சு. அதோட குடும்பமே அழிஞ்சிடுச்சுன்னு நிறைய பேர் விட்டுடறாங்க, அது தப்பு, இன்னைக்கு வாரிசு வேணும்னா பொண்ணுங்க வழியாத்தான் போகணும். அதுக்கு மேலேர்ந்து கீழ வராதீங்க, இப்ப உயிரோட இருக்கறவங்ககிட்டேர்ந்து ஆரம்பிச்சு 1837க்கு அப்புறம் அரசாங்க பிறப்பு இறப்பு பதிவு, 1841லேர்ந்து ஆள் பேரோட சென்சஸ், 1538லேர்ந்து சர்ச் ரெஜிஸ்டர் (எல்லா ஊர்லயும் மிஞ்சல), அதுக்கும் முன்னாடின்னா உயிலும் பண்ணை கோர்ட் சுருளும்தான் (நிலப்பிரபு தன் பண்ணைல நடத்தின கோர்ட்டோட பதிவு). நம்ம உறுப்பினர் ரெண்டு பேர் மேலேர்ந்து இறங்கி, பேர் மட்டும் ஒத்துப்போன வேற ஆள்கிட்ட போய் நின்னு மூணு மாசம் வீணாச்சு.

வர்ற வருஷம் மார்ஜரியோட மூணு பசங்க வழிய எடுத்துக்கலாம்னு கமிட்டி முடிவு. பழைய கையெழுத்து வாசிக்க பழகணும்னு நினைக்கறவங்க கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட பேர் குடுங்க.