மனம் வரட்டும் என்று காத்திராதே, மகள்

தலவாக்கலை

அன்புள்ள மகளுக்கு,

வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் வழக்கம்போல் நடக்கின்றன, ஆனால் எதிலும் மனம் ஒட்டவில்லை என்று நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து அம்மாவும் நானும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மனம் சரியானதும் பழையபடி சமைப்பேன், நடக்கப் போவேன் என்றும் சொன்னாய். அந்த வரிசையை மாற்றிப் பார் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பாடசாலையில் பணியாற்றிய காலத்தில் உளவளத்துணைப் பயிற்சிக்குச் சென்றபோது, பீட்டர் லெவின்சோன் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றிப் படித்தேன். மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் தமக்கு இன்பம் தரும் செயல்களை ஒவ்வொன்றாகக் கைவிடுகிறார்கள் என்பதையும், கைவிடக் கைவிடச் சோர்வு கூடுகிறது என்பதையும் 1970களில் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவர் எடுத்துக்காட்டினார். மனிதர் மகிழ்ந்து செய்யக்கூடிய 320 செயல்களைப் பட்டியலிட்டு, யார் எதை எவ்வளவு செய்கிறார், அதில் எவ்வளவு இன்பம் காண்கிறார் என்று அளக்கவும் ஒரு முறை வகுத்தார். செயல் முன்னே போனால் மனம் பின்னே வரும் என்பதே அதன் சாரம். மகிழ்ச்சியாக இரு என்று எவரும் எவருக்கும் உத்தரவிட முடியாது. எழுந்து இதைச் செய் என்று மட்டும் சொல்ல முடியும்.

படித்ததைவிட எனக்கு உறுதி தந்தவர் உன் பெரியம்மா. பெரியப்பா காலமான பிறகு அவர் லயத்து வாசலை, அந்தத் தோட்ட வரிசை வீட்டு வாசலை, விட்டு இறங்கவே இல்லை. தேயிலைக் கொழுந்தெடுத்த காலத்தில் விடியுமுன் எழுந்து பழகிய உடம்பு, எழுவதற்குக் காரணமின்றிப் படுத்தே கிடந்தது. ஒருநாள் உன் அம்மா அவர் கையில் கரட் விதையைக் கொடுத்து, பின்னால் இருக்கும் பாத்தியில் தூவச் சொன்னாள். விருப்பமில்லாமல்தான் தூவினார். நாற்றுகள் நெருக்கமாக முளைத்ததால் இடைவெளி விட்டுக் களைய வேண்டியிருந்தது. நூல் போன்ற தண்டை நகத்தால் பற்றி, பக்கத்து நாற்று அசையாமல் இழுக்க வேண்டும், அந்நேரம் வேறொன்றை நினைத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். பிடுங்கிய ஒன்றை முகர்ந்து பார்த்து, "இந்தத் துளி வேருக்குள்ளேயும் கரட் வாசம் இருக்கே" என்று அம்மாவிடம் சொன்னார். அவராக வாய்திறந்து ஒரு பேச்சுப் பேசி வெகுநாளாகியிருந்தது. பெரியப்பாவை நினைத்து இன்றும் அழுகிறார். ஆனால் விடிந்ததும் இறங்கிப் போய்ப் பார்க்க அவருக்கு ஒன்று இருக்கிறது.

உனக்குப் பாத்தி இல்லை. கொழும்பு வெள்ளவத்தை அறையில் ஒரு சன்னலும் அடுப்பும் உண்டு, நடந்து போகும் தூரத்தில் கடலும் உண்டு. வேலைக்குப் புறப்படுமுன் கடற்கரைப் பக்கம் சிறிது நட. காலை வெளிச்சம் உடலின் கடிகாரத்தை ஒழுங்குபடுத்துவதால் இரவுத் தூக்கமும் சீராகும். மதியச் சாப்பாட்டுப் பார்சலைக் கணினிக்கு முன்னால் பிரிக்காதே. மாலையில் தேத்தண்ணீரை நீயே போடு: நன்கு கொதித்த நீரைத் தூளின்மேல் ஊற்றி, 3 நிமிடமாவது மூடி வைத்து, கைபேசியை எடுக்காமல் அருகிலேயே நில். உயரத்தில் விளைந்த நம் தேயிலைக்குச் சாயம் இளம் பொன்னிறம்தான், மூடியைத் திறக்கும்போது எழும் மணத்தில்தான் அதன் அருமை இருக்கிறது. முதல் நாட்களில் எதுவும் தோன்றாமல் போகலாம், அதற்காக விட்டுவிடாதே. செய்த ஒவ்வொன்றும் இன்பம் தந்ததா, முடித்தோம் என்ற நிறைவைத் தந்ததா என்று ஒரு சிறு கொப்பியில் குறித்து வை. எது உனக்கு உதவுகிறது என்பதை என் யோசனையைவிட அந்தக் குறிப்பு சரியாகக் காட்டும்.

இதையெல்லாம் மருந்துக்கு ஈடாக நான் சொல்லவில்லை. 2 வாரத்துக்கு மேலாகியும் பெரும்பாலான நாட்களில் இதே நிலை நீடித்தால், அல்லது தூக்கமும் பசியும் குலைந்தால், தயங்காமல் வைத்தியரைப் பார். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை, எங்களிடம் மறைக்கவும் தேவையில்லை.

பக்கத்து லயத்துத் தம்பி வெள்ளிக்கிழமை ரயிலில் கொழும்புக்கு வருகிறான். அவனிடம் ஒரு கிலோ தூள் கொடுத்தனுப்புகிறேன். கோட்டை நிலையத்தில் வாங்கிக்கொள். கொப்பியில் முதலில் என்ன எழுதினாய் என்பதை ஞாயிறன்று அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
அப்பா